முப்பத்தொன்றாம் நாள்

வரைபடத்தில் அந்தத் தூண் இருந்திருக்கக் கூடாது.

விபத்தில் அடிபட்டவர்கள் எத்தனையாவது நாளில் இறக்கிறார்கள் என்று வசந்தாமணி ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. ஜூலை முடிய மூன்று நாள் இருந்தது. கையில் வேறு வேலை இல்லை. முதல் நாளில் பெரிய தூண். இரண்டாம் நாளில் அதில் பாதி. அப்படியே இறங்கி ஏழாம் நாளில் தரையைத் தொட்டது. எட்டிலிருந்து முப்பது வரை ஒன்றுமில்லை. முப்பத்தொன்றில் மறுபடி ஒரு தூண்.

உதவியாளர் ஜபருல்லா பின்னால் வந்து நின்றான்.

"ஏனுங்க மேடம், கடைசில என்ன, செல்போன் டவர் மாதிரி?"

"ரெண்டு வருசத்துக் கணக்கு."

"மனுசன் உடம்புக்குத் தேதி தெரியுமுங்களா?"

"தெரியாது."

அப்படியென்றால் யாருக்குத் தெரிகிறது என்று அவன் கேட்கவில்லை. தன் நாற்காலிக்குப் போய்விட்டான்.

மாவட்டச் சாலை விபத்துப் புள்ளிவிவரப் பிரிவில் அவர்கள் இரண்டு பேர்தான். விபத்து நடந்து முப்பது நாட்களுக்குள் இறந்தால் அது சாலை மரணம். அதற்குப் பிறகு இறந்தால் அவர் காயம்பட்டோர் பத்தியிலேயே இருந்துவிடுவார். மாவட்டத்துக்கான அந்தச் சுற்றறிக்கையை எழுதியவள் வசந்தாமணி. அதற்கு முன் ஒவ்வொரு காவல் நிலையமும் ஒவ்வொரு மாதிரி எழுதியது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டியிருந்தது.

அப்போது அந்தக் கோட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகுதான் வந்தது. ஊரடங்கு போட்ட ஏப்ரலில் இந்த மாவட்டத்தின் சாலைகளில் இறந்தவர்கள் மூன்று பேர். முந்தைய ஏப்ரலில் நாற்பத்தெட்டு. மே மாதம் பதினொன்று. கட்டுப்பாடு தளரத் தளர எண் ஏறியது. அடுத்த ஜனவரியில் பழைய இடத்தையும் தாண்டியது. நாடு முழுக்க அதே வளைவு. அலுவலகத்தில் அதைப் பள்ளம் என்றார்கள். பள்ளத்துக்கு முந்தி, பள்ளத்துக்குப் பிந்தி என்றுதான் எதையும் பேசினார்கள்.

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்களை வீட்டில் பூட்டி வைத்தபோது நடந்ததை, வண்டிகளின் வேகத்தைப் பூட்டியும் நடத்தலாம். சில வருடங்களில் எல்லா வண்டிகளிலும் வேகப் பூட்டு வந்தது. மாதம் பிறந்ததும் அது மாவட்டத்தின் எண்ணைப் பார்க்கும். முடிந்த மாதத்தின் சாவு நாற்பத்தொன்றுக்குள் இருந்தால் மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடலாம். நாற்பத்தொன்றைத் தாண்டினால் நாற்பது. முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் பரிசாக எழுபது.

இது லாரி ஊர். வீட்டுக்கு ஒருவர் ஸ்டியரிங் பிடித்தார்கள், அல்லது பாடி கட்டினார்கள், அல்லது டயர் மாற்றினார்கள். எண்ணைப் பற்றி டீக்கடையில் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசுவதைவிட அதிகமாக.

அன்று எண் முப்பத்தொன்பதில் நின்றது. வசந்தாமணியின் தம்பி செங்கோட்டுவேலு காயம்பட்டோர் பத்தியில் இருந்தான். ஆறாம் தேதி காலை பைபாஸில் லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கச் சாலையைக் கடந்தபோது கார் அடித்தது. இன்று இருபத்திரண்டாம் நாள்.

மதியம் அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

*

டாக்டர் எபினேசர் அவளை உட்காரச் சொன்னார். அவள் வரைபடத்தை மேசை மேல் வைத்தாள். அவர் அதை நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் எங்க வார்டுதான்," என்றார்.

"தாங்கி வார்டா?"

"ஆமா."

அந்த இயந்திரத்துக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊரில் அதைத் தாங்கி என்றார்கள். பெருந்தொற்றில் மூச்சுக்கருவி போதாமல் போனபின் பலரும் அதைச் சரிசெய்ய முனைந்தார்கள். அதிலிருந்து வளர்ந்து வளர்ந்து வந்தது இது. மூச்சு, ரத்தம், சிறுநீரகம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

"எத்தனை நாள் வெச்சிருக்கலாம் டாக்டர்?"

"எத்தனை நாள் வேணும்னாலும். உள்ள ஆள் இருக்கணும்னுகூட அவசியம் இல்ல."

அவள் காத்திருந்தாள்.

"உங்க தம்பி மூணாம் நாளே போயாச்சும்மா. மூளையில ஒண்ணும் இல்ல. இதயம் ஓடுது. ஓட வைக்கிறோம். நாங்க சொல்ற வரைக்கும் ஓடும்."

"எங்ககிட்ட சொல்லல."

"மூளைச்சாவுக்குத் தனியா சோதனை செய்யணும். குடும்பத்துல இருந்து யாராவது எழுதிக் கேட்கணும். கேட்காம நாங்க செய்யறதில்ல. இந்த வார்டுல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அதான் ஏன்?"

அவர் வரைபடத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். "நீங்க லாரிக் குடும்பம். எனக்குச் சொல்லித்தரீங்களோன்னு நினைச்சேன்."

அழுகை வரும் என்று வசந்தாமணி நினைத்தாள். படி இறங்கும்வரை காத்திருந்தாள். வரவில்லை. பிறகு வார்டுக்குப் போய் வழக்கம்போலத் தம்பியின் பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். சூடாகத்தான் இருந்தன.

*

மறுநாள் காலை, தம்பி மனைவி பாக்கியம் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் உறவினர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. இருபத்துமூன்று நாளில் அங்கே அவளுக்கென்று ஓர் அடுப்பு ஒதுங்கியிருந்தது.

"காப்பி குடிச்சீங்களா அண்ணி?"

"ஆச்சு. பாக்கியம், உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"அவன் இல்ல. மூணாம் நாளே போயிட்டானாம். டாக்டர் சொன்னாரு."

பாக்கியம் ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள்.

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"இருபத்தஞ்சு வருசம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதுங்களா?" அவள் குரல் உயரவில்லை. "அவரு எழுதிக் குடுத்திருக்காரு அண்ணி. லாரிச் சங்கத்துல எல்லாருமே எழுதிக் குடுத்திருக்காங்க. அடிபட்டுப் பொழைக்க மாட்டம்னா முப்பது நாள் தாங்கி மேல இருக்கறதுன்னு. முப்பத்தொண்ணாம் நாள் எடுத்துருவாங்க. அப்பத்தான் உங்க ஆபீசு எண்ணுல வராது."

"எதுக்கு இப்படி?"

"நீங்க கேக்கறீங்களே, அதுதான் வேடிக்கை. ஒருத்தரு செத்தா அத்தனை வண்டியும் நாப்பதுல நவுறோணும். பக்கத்து மாவட்டத்துக்காரன் லோடை அள்ளிட்டுப் போயிருவான். போன வருசம் பொன்னுச்சாமி அண்ணன் தாங்குனாரு. அந்த மாசம் நம்ம வண்டியெல்லாம் அறுபதுல ஓடுச்சு. இப்ப இவரு முறை."

கோயிலில் கட்டளை முறை வந்தது போல அதைச் சொன்னாள்.

வசந்தாமணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றறிக்கையின் வாசகம் நினைவுக்கு வந்தது. முப்பது நாட்களுக்குள். அதை எழுதியபோது சங்கத்தில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. எழுதி முடித்த பிறகு அவளும் அவர்களிடம் கேட்கவில்லை.

"பாக்கியம், எங்க ஆபீசுல அடுத்த மாசத்துக்கு ஒரு கணிப்பு வரும். வண்டி அறுபதுல ஓடுனா ஆகஸ்டுல நாப்பத்திமூணு பேர் சாவாங்க. நாப்பதுல ஓடுனா முப்பத்திரெண்டு. ஒண்ணு ரெண்டுதான் முன்னப்பின்ன இருக்கும்."

"சரி."

"எண்ணு இன்னிக்கு நாப்பது. கணிப்புப்படி நாளைக்கு நாப்பத்தொண்ணாகிரும். தம்பி பேரும் சேந்தா நாப்பத்திரெண்டு."

பாக்கியம் கீரையைக் கீழே வைத்தாள். முதன்முறையாக வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள்.

"பதினோரு பேரு."

"ஆமா."

"யாரது?"

"தெரியாது."

"ஒருத்தரு பேராவது?"

"எண்ணிக்கைதான் தெரியும்."

"உங்க ஆபீசுல ஆளுங்களுக்குப் பேரே வெக்க மாட்டீங்களா அண்ணி?" பாக்கியம் சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றது. "என்ற வூட்டுக்காரரு பேரு எனக்குத் தெரியும். அவரு குடுத்த வாக்கும் தெரியும். கை சூடா இருக்குது. நகம் வளருது. நேத்துத்தான் வெட்டி உட்டேன். இன்னும் எட்டு நாள் இருக்குது. எனக்கு அந்த எட்டு நாள் வேணும்."

வசந்தாமணி ஒரு தண்டை எடுத்து இலையைக் கிள்ளிப் போட்டாள். இருவருமாகக் கீரையை ஆய்ந்து முடித்தார்கள்.

*

முப்பத்தொன்றாம் தேதி காலை எண் நாற்பத்தொன்றில் நின்றது. மாலை ஐந்து மணிக்கு மாதம் மூடப்படும்.

எட்டே முக்காலுக்கு அவள் டாக்டர் எபினேசர் முன்னால் இருந்தாள். அவர் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தார். தாள் ஓரங்களில் பழுத்திருந்தது.

"நெருங்கிய உறவினர் ஒருத்தர் கேட்டாப் போதும். கூடப்பொறந்தவங்க கேட்கலாம். மத்தவங்க தடுக்க முடியாது. ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவை பாக்கணும். ரெண்டாவது தடவை முடியற நேரம்தான் சாவு நேரம்."

"ஒன்பது மணி, மூணு மணி."

"கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கீங்க."

அவள் பெயர் எழுதினாள். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"உங்களுக்கு யாரும் நன்றி சொல்லப் போறதில்ல," என்றார் அவர்.

"தெரியும்."

"எனக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க. போன மாசம் இதே வார்டுல இருந்து அஞ்சு பேரை முப்பத்தொண்ணாம் நாள் அனுப்பினேன்." அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நர்ஸ் விஷயத்தைப் பாக்கியத்திடம் சொல்லியிருக்க வேண்டும். வசந்தாமணி வெளியே வந்தபோது அவள் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பாக்கியம்."

"நீங்க கூடப் பொறந்தவங்க. நான் கட்டிக்கிட்டு வந்தவ. சட்டத்துல எடம் இருக்குதுன்னா செய்யுங்க." ஒரு கரண்டியைத் துடைத்துக் கூடையில் வைத்தாள். "அண்ணின்னு இனிமே கூப்புட மாட்டேன்."

மூன்று மணி இருபது நிமிடத்துக்குச் செங்கோட்டுவேலு இறந்தான் என்று சான்றிதழ் சொன்னது. இருபத்தைந்தாம் நாள். பாக்கியம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழை அவள் பார்க்கவில்லை.

நான்கு பத்துக்கு வசந்தாமணி அலுவலகத்துக்குத் திரும்பினாள். ஜபருல்லா எழுந்து நின்றான்.

"மேடம், வேணும்னா நான் அடிச்சர்றனுங்க."

"வேண்டாம்."

காயம்பட்டோர் பத்தியில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அதை இருநூற்றுப் பதினொன்று ஆக்கினாள். இறந்தோர் பத்தியில் நாற்பத்திரண்டு என்று அடித்தாள். இரண்டு எண்களையும் கீழே கூட்டிப் பார்த்தாள். மொத்தம் மாறவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

*

முப்பது நாள் தாங்கியவரை எடுக்கும்போது சங்கத்து லாரிகள் சுடுகாட்டுச் சாலையில் வரிசையாக நிற்கும். உடல் கடக்கும்போது ஒவ்வொரு வண்டியும் ஒருமுறை ஹாரன் அடிக்கும். செங்கோட்டுவேலுவுக்குச் சங்கத்திலிருந்து நான்கு பேர் ஒரு காரில் வந்தார்கள். மாலை போட்டார்கள். செயலாளர் பாக்கியத்தின் மகன் தரணியின் தோளில் கை வைத்து, "விடு கண்ணு, எல்லாராலயும் முடியாது," என்றார். தரணிக்கு இருபத்துநான்கு வயது. அவன் தலையை ஆட்டினான். அத்தை பக்கம் திரும்பவில்லை.

சாலை அமைதியாக இருந்தது. பறை மட்டும் முன்னால் போனது.

ஆகஸ்டில் ஊர் நாற்பதில் நகர்ந்தது. பஸ்ஸில் அலுவலகம் போக அரை மணி கூடுதலாயிற்று. கண்டக்டர் தினமும் ஒன்று சொல்வார். "அவசரமா இருக்கறவங்க எறங்கி நடந்துக்கங்க. நாங்க பின்னாடியே வர்றோம்." பஸ் சிரிக்கும். சிலர் அந்த நாற்பத்திரண்டாவது ஆளைத் திட்டுவார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கல்லூரிப் பெண்கள், மீன் கூடைக்காரர், பேரனை மடியில் வைத்திருந்தவர். அந்தப் பதினோரு பேரில் யாராவது இந்தப் பஸ்ஸில் இருக்கலாம். எல்லோருமே வேறெங்காவது இருக்கலாம். பார்த்தால் தெரியாது. ஒரு வாரத்துக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்தினாள்.

பாக்கியத்தின் வீட்டுக்கு இரண்டு முறை போனாள். கதவு திறந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி மாலை ஜபருல்லா திரையைக் காட்டினான்.

"முப்பத்தொண்ணு மேடம். கணிப்பைவிட ஒண்ணு கம்மி. பன்னெண்டு பேரு பொழைச்சிருக்காங்க." அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது. பிறகு அவன் அடுத்த வரியைப் படித்தான். "அப்ப எழுபதுங்க மேடம்."

"என்ன?"

"முப்பத்தஞ்சுக்குக் கீழ வந்துருச்சே. நாளையில இருந்து எழுபது."

வசந்தாமணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கணிப்பு அட்டவணை எப்போதும் அடுத்த ஒரு மாதத்தை மட்டும் காட்டும். பதினெட்டு வருடமாக அவள் அதையே பார்த்து வந்தாள். அதற்கு அடுத்த மாதத்தை அட்டவணை காட்டவில்லை. அவளும் பார்க்கவில்லை.

எழுபதுக்கான செப்டம்பர் கணிப்பைத் திறந்தாள். நாற்பத்தேழு.

முப்பத்தொன்றையும் நாற்பத்தேழையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். முப்பத்தொன்பது. எல்லா மாதமும் அறுபதில் ஓடியிருந்தால் வரும் நாற்பத்துமூன்றைவிட நான்கு குறைவு. இரண்டு மாதத்துக்கு எட்டுப் பேர். அதுவும் ஏதோ ஒன்றுதான். ஆனால் அது எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாங்கி வார்டில் இப்போது ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அவள் அக்கா இல்லை.

"அனுப்பட்டுங்களா மேடம்?"

"அனுப்பு."

*

செப்டம்பர் முதல் தேதி காலை பத்தரைக்கு அவள் போன் அடித்தது. பாக்கியம்.

"அண்ணி."

வசந்தாமணி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "சொல்லு பாக்கியம்."

"தரணி அவங்க அப்பா வண்டியை எடுத்துட்டான். எழுபதுன்னதும் லோடு வந்துருச்சு. நாக்பூருக்கு."

"தனியாவா?"

"மாத்தி ஓட்டறதுக்கு ஒரு டிரைவர் இருக்காரு." பாக்கியத்தின் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. "இந்த மாசம் எத்தனைங்க?"

"எதுக்கு உனக்கு அது?"

"கேக்கறேன். சொல்லுங்க."

"நாப்பத்தேழு."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள்.

"சங்கத்துல அந்தத் தாங்கிக் கடுதாசியை மாத்திட்டாங்க. உங்களாலதான். சோதனை கேக்கறதுக்கு உறவுல ஒரே ஒரு பேரு எழுதோணுமாம். வக்கீலை வெச்சு எழுதியிருக்காங்க. மத்தவங்க யாரு போயிக் கேட்டாலும் செல்லாது."

"சரிதான். உன் பேரை எழுதச் சொல்லு."

"நேத்தே எழுதிக் குடுத்துட்டான். நாந்தான் பக்கத்துல உக்காந்து எழுத வெச்சேன்."

"ம்."

"உங்க பேரை."

கீழே சாலையில் ஒரு டேங்கர் போனது. வேகமாகப் போனது.

"என்னால அந்தக் கையை உட முடியாதுங்க அண்ணி. முப்பது நாளும் புடிச்சிட்டு உக்காந்திருப்பேன். அப்பறமும் புடிச்சிட்டு இருப்பேன். நீங்க உட்டுருவீங்க."

"அவனுக்குத் தெரியுமா, எதுக்கு என் பேருன்னு?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். உங்க போன் நம்பரு அவனுக்கே மனப்பாடமா இருந்துச்சு."

"எப்பக் கிளம்பறான்?"

"கிளம்பிட்டான். இப்பத்தான் பைபாஸ்ல ஏறுனான்."